இரண்டு றூம்

நெடுந்தீவுக்கு வருகிறவர்கள்
முதலில் கேட்பது குதிரையை.
அடுத்தது வைஃபை.
பிறகு, மேல் கழுவக் கொஞ்சம் தண்ணி.
எனக்கு அந்த மூன்றாவதில்தான் பயம்.

கொப்பியில் இப்படி எழுதுவேன்:
வெள்ளி, போயா. குருநாகலில் இருந்து ஏழு பேர்.
இரண்டு றூம், கீழே விரிக்க மூன்று மெத்தை.
நண்டு நாலு கிலோ, யூட்டிடம்.
பவுசர் தண்ணி ஆயிரம் லீற்றர்.
ஞாயிறு காலமை தாங்கியைத் தட்டினால்
வெறும் வயிறு மாதிரி ஒரு சத்தம்.

கடல் நாலு பக்கமும் இருக்கிறது.
அதில் குளிப்பதை ஒருவரும்
குளிப்பாய்க் கணக்கெடுப்பதில்லை.
அந்த உப்புப் போக ஒரு முழுக்கு,
போட்டோ எடுக்க முன் ஒன்று,
படுக்க முன் இன்னொன்று.
எங்களுக்கு ஆளுக்கொரு வாளி.
மகள் வந்து தலை முழுகும் நாளில்
எனக்கு அரை.

பொய் சொல்லக் கூடாது.
நுண்கடன்காரன் மோட்டார்சைக்கிளை
வேலியோடு சாத்திவிட்டு
அயலுக்கெல்லாம் கேட்க
என் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்ட காலம்
இந்த இரண்டு றூமாலும்தான் முடிந்தது.
மகள் யாழ்ப்பாணத்தில் தங்கிக்
கணக்கியல் படிக்கிறாள்.
"அம்மா, தேய்மானம் எழுதினீங்களோ?" என்று
போனில் கேட்பாள்.
கட்டில், ஃபான், பிரிட்ஜ்,
வருசா வருசம் குறைவதையும் எழுத வேணுமாம்.
இங்கே என்னென்ன குறைகிறதென்று
நான் அவளுக்குச் சொல்லவில்லை.

முந்தி யூட் நண்டு தரும்போது
பிள்ளைக்கென்று இரண்டு கூடப் போடுவான்.
இப்போது தராசு வாங்கிவிட்டான்.
அவனில் பிழையில்லை,
எனக்கு நான் விலை வைத்ததைப் பார்த்துத்தானே
அவனும் வைத்தான்.
ஏழு பேர் உடைத்த ஓட்டை
வாழையடியில் கொட்டுகையில்
வாசம் மட்டும் எங்களுக்கு.

இனி, கொப்பியில் இல்லாதது.

திங்கள், விடியற்புறம் நாலரை.
இறங்குதுறை வரிசையில் என் ஏழு பேருக்கும்
ஏழு செருப்பு வைத்தேன்.
எல்லாம் எங்கள் வீட்டுச் செருப்பு,
ஒன்று மட்டும் மகளின் பழைய பள்ளிச் சப்பாத்து.
அதற்குப் பின்னால் நேசமலர் வந்து நின்றாள்,
கையில் கிளினிக் கொப்பி.
கடற்படைப் பெடியன் உயிர்காப்பு அங்கிகளை எண்ணினான்,
ஆட்களை எண்ணினான்,
சப்பாத்துக்கு அப்பால்
கையைக் குறுக்கே நீட்டினான்.

அவள் சத்தம் போடவில்லை.
என்னைப் பார்க்கவுமில்லை.
நான் பொறுக்கிக்கொண்டிருந்த செருப்புகளைத்தான் பார்த்தாள்.
சின்ன ஊர்.
எந்தச் செருப்பு எந்த வீட்டுடையது என்று
நாய்க்குக்கூடத் தெரியும்.

படகில் இருந்து ஏழு பேரும் கை காட்டினார்கள்.
நல்ல மனிசர். கண்ணாடி போட்ட சின்னவன்
திரும்பத் திரும்பக் காட்டினான்.
பிறகு ஐந்து நட்சத்திரம் போட்டு
எழுதியும் இருந்தார்கள்:
அமைதியான தீவு, கூட்டமே கிடையாது.

வியாழன் பின்னேரம் நேசமலர்
படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
கிளினிக்குக்கு அடுத்த மாசம் திகதியாம்.
அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.
"உன்ர கிணறு உவராய்ப் போச்செண்டு கேள்வி.
சோப்பு நுரைக்காதே.
என்ர கிணத்தில இன்னும் நல்ல தண்ணி.
விரிப்புகளைத் தா, தோய்ச்சுத் தாறன்.
ஒண்டுக்கு எண்பது ரூபா."

வாய்க்குள் நின்றது வேறொன்று.
வெளியே வந்தது:
"அறுபதுக்குச் செய்ய மாட்டியோ?"

வாழையடி நண்டோட்டைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"எழுபத்தஞ்சு."

பதினாலு விரிப்பு.
மூட்டையைத் தலைக்கு நான்தான் தூக்கிவிட்டேன்.
நாளைக்கு ஒன்பது பேர் வருகிறார்கள்.