விடு என்று சொல்லும்வரை

இரண்டு பேர் வேண்டும் இந்த வேலைக்கு.
ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில்.
ஞாயிறு காலை ஏழு மணிக்கு, செம்பூரில்,
எங்கள் கட்டடத்தில் விழித்திருந்த ஒரே ஆள்
என்மீது புகார் எழுதிய பெட்னேகர்.

'பார்க்கிங் எண் பதினொன்றில்
மூன்று வருடமாக அசையாமல் கிடக்கும் பொருள்'
என்று எழுதியிருந்தார். பொருள்.
முப்பதாம் தேதிக்குள் எடுக்காவிட்டால் கிரேன் வருமாம்.

பொருள், எழுபத்து நாலாம் வருடத்து ஃபியட்.
பால்கோவா நிறம்.
கடனைத் திருப்ப முடியாத ஒருத்தி
சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
பிரேக் இல்லை என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மாஸ்டர் சிலிண்டரைக் குர்லாவில் கொடுத்தேன்.
செவ்வாய்க்கிழமை என்றான் இஷ்தியாக்,
எந்தச் செவ்வாய் என்று சொல்லாமல்.
வந்தபோது துளைக்குள் பித்தளைச் சட்டை,
புது ரப்பர் கப்புகள்,
விரலை விட்டால் வழுக்கிக்கொண்டு போயிற்று.
சமையல் மேடையில் வைத்து ஆயில் ஊற்றி
ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனைத் தள்ளித் தள்ளிக்
குமிழி நிற்கும்வரை பார்த்திருந்தேன்.
சோறு குழைந்துவிட்டது.

பைப்பின் மரை மூன்று முறை கோணலாக ஏறியது.
நான்காவது முறை, ஸ்பேனரைக் கீழே வைத்தபின்,
தானாக மனசு மாறியதுபோல
விரலுக்கே நுழைந்தது.

பெட்னேகர் சீட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்.
தபாவோ, பக்கடோ, சோடோ என்று
நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.
முதுகுக்குக் கீழே அட்டை, மூக்குக்கு மேலே துரு.
அங்கே போனதும் இந்தி ஓடிவிட்டது.

அமுக்கு.
பிடி.
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
ட்யூபில் பழைய டிகாக்ஷன் நிறத்தில் ஆயில்,
அதன் பின்னால் வரிசையாகக் காற்று.
மூடினேன்.
விடு.

காருக்கடியில் மரியாதைப் பன்மைக்கு இடமில்லை.

'விட்டேன்' என்றது மேலே ஒரு குரல்.
தமிழில்.

தாராவியில் பதினாறு வருடம் தபால்காரராம்.
எல்லாம் புரியும், பேச்சு கொஞ்சம்தான் வரும்,
அதிலும் பாதி கெட்ட வார்த்தை என்றார்.

மூன்று வருடமாக
மாடிப்படியில் அவரைத் தாண்டும்போதெல்லாம்
அக்காவிடம் போனில் நான் சொன்னவை
ஒவ்வொன்றாக,
பின் இடது சக்கரத்தடியில்,
என் முகத்தில் சொட்டின.

அமுக்கு. பிடி. விடு.
அமுக்கு. பிடி.

அந்தக் கலக்கத்தில் ஆயில் டப்பாவைப் பார்க்க மறந்தேன்.
அது காலியாகி, அத்தனை காற்றையும்
ஒரே மடக்கில் குடித்துவிட்டது.
பெடல் தரைவரை போயிற்று, பஞ்சுத் தலையணைபோல.
மறுபடி முதல் சக்கரம்.
அவர் போய்விடுவார் என்று நினைத்தேன்.
வாட்சைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்தார்.

நிப்பிள் திறந்திருக்கும்போது கால் எடுத்தால்
போன காற்றை வண்டி திரும்ப இழுத்துக்கொள்ளும்.
அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை.
இரண்டு தும்மல் வந்தது,
அப்போதும்.

பத்தரைக்கு மழை.
வலது முன் சக்கரத்தில் கடைசிக் குமிழி,
கடுகளவு, அவசரமே இல்லாமல் வந்தது.
'கல்லு' என்றார் பெட்னேகர்,
பெடலை ஒரு முறை மிதித்துப் பார்த்து.

ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கேட்டு வரை ஓட்டினேன்.
சரிவில் மிதித்தேன்.
நின்றது.
வாட்ச்மேன் ஸ்டூல் இரண்டு முழம் தள்ளி இருந்தது,
வாட்ச்மேன் இன்னும் கொஞ்சம் தள்ளி.

மட்கார்டில் சிந்திய ஆயிலை யாரும் கழுவவில்லை.
ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயிண்ட் பொங்கியிருந்தது.
முப்பதாம் தேதி முப்பதாம் தேதிதான்
என்று சொல்லிவிட்டு வாட்சைக் கட்டிக்கொண்டார்.

படியேறும்போது அக்கா போன்.
'அந்த ஆள் இன்னும் தொந்தரவு பண்றானா?'
இரண்டு படி பின்னால் செருப்புச் சத்தம்.

அப்புறம் பேசறேன் என்றேன்.