மஞ்சள் பேஸ்

நாற்பதாவது வளைவு தாண்டி
பதினேழாம் நம்பர் கம்பத்துக்கு எதிரே
பட்டுப்போன சில்வர் ஓக் ஒன்று
லைனைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது.
வெட்டச் சொல்லி ஏப்ரலிலேயே தாள் வந்துவிட்டது.
ஷட்டவுன் ஒன்பது முதல் ஐந்து.

நான் ஏணியைச் சாய்த்தேன்,
மருதாசலம் கயிற்றைத் தோளில் போட்டான்.
மேலே
குக்குறுவான் எப்போதோ குடைந்த பொந்திலிருந்து
ஒரு தலை.

கருப்புதான்.
ஈரத் தேயிலைக்கு மேலே வெறும் கருப்பு.
மேகம் சித்தெ விலகியதும்
டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சொட்டிய மழைத்தண்ணி போலக்
கழுத்தில் ஊதா கலைந்து பச்சையானது,
முதுகில் பச்சை கலைந்து மறுபடி ஊதா.
கண்ணுக்குப் பின்னால் தொங்கும் தோல் மடல்
அசல் மஞ்சள் பேஸ் டேப்பு.
யாரோ அளந்து அறுத்துப்
பிடரி வரைக்கும் ஒட்டி
நுனியை மட்டும் அழுத்தாமல் விட்ட மாதிரி.

பறந்தபோதுதான் சிறகில் வெள்ளை தெரிந்தது.
இறக்கைக்கு ஓர் இரைச்சல் உண்டு,
லோடு கூடிய லைன் போல.
ஜோடி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.
நாட்டு மைனா மாதிரி தரையில் நடந்து
கணக்குப் பார்க்கிற வேலை இதுகளுக்கு இல்லை;
கிளையிலேயே பக்கவாட்டில் தத்தி,
அத்திப்பழம் அலகிலிருக்க,
எங்களையும் பொந்தையும்
மாறி மாறிப் பார்த்தன.
உள்ளே குஞ்சு.

பொள்ளாச்சியில் ரீடிங் எடுத்த காலத்தில்
ஒரு கொப்பரை மண்டிக்குள் இதே சாதி, கூண்டில்.
எவர் படியேறினாலும்
"ஒறம்பரை வந்திருக்குதுங்" என்னும்.
பியூஸ் பிடுங்கப் போன அன்றும்
என்னை அப்படித்தான் கூப்பிட்டது.

இங்கே யார் குரலையும் எடுப்பதில்லை.
விசில், கரகரப்பு, நடுவில் ஓர் இழுப்பு
எல்லாம் பக்கத்து மரத்து மைனாவிடம் கேட்டு வாங்கியது.
நாலு எஸ்டேட் தள்ளிப் போனால் பாஷையே வேறுங்,
பல்லடத்துப் பேச்சும் பவானிப் பேச்சும் மாதிரி
என்றான் மருதாசலம்.
எங்களை ஒறம்பரை என்று
அது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மரத்தின் இடுப்பில் ஸ்டே ஒயர் சுற்றி
லைனுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப்
பாறையில் அடித்த முளையோடு கட்டினோம்.
இருபது மீட்டர். ஸ்டோர் கணக்கில் இடிக்கும்.
வேலை முடியாத காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதினேன்.
பொட்டுத் தூறல் இல்லாத நாள்.
"நாளைக்குப் பெய்யுமுங்" என்று
மருதாசலம் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று மணிக்கே கரண்ட் வந்துவிட,
கீழே லைன் வீடுகளில் யாரோ
மிக்சியை ஓடவிட்டார்கள். மலை முழுக்கக் கேட்டது.
காது கொடுத்து நின்றோம்.
அந்தச் சத்தத்தையும்
அது எடுக்கவில்லை.