கண்ணாடிக்கு உள்ளிருந்து

பாண்டிகோவில் ரிங் ரோட்டில்
சீனிமுகமது கார்ஸ். பதினெட்டு வண்டி.
காலையில் முதல் வேலை
ஈரத்துணியால் நேற்றைய விலையைத் துடைப்பது.
அப்புறம் வெள்ளை மார்க்கரால்
இன்றைய விலையை எழுதுவது.
கையெழுத்து நன்றாயிருக்கிறது என்றுதான்
பி.காம் படித்த என்னை எடுத்தார்கள்.

சித்திரையில் ஹைபிரிட் மூன்று நின்றன.
கேட்க ஆளில்லை.
பட்டனை அமுக்கிவிட்டு
"ஸ்டார்ட் ஆகலையேம்மா" என்பார் வந்தவர்.
"ஆயிருச்சு சார்" என்பேன்.
சத்தம் போடாததை எப்படி நம்புவது
என்று இறங்கிப் போவார்.
திருமங்கலத்துக்காரர் ஒருவர் மட்டும்
பின் சீட்டைத் தட்டிப் பார்த்து
"பேட்டரி போனா?" என்றார்.
அந்த ஒரு கேள்விக்கு
எழுபதாயிரம் குறைத்து எழுதினேன்.

வில்லாபுரம் அந்தோணிராஜ் இருந்தவரை
அதற்குப் பதில் இருந்தது.
பேட்டரியைப் பிரித்து
செத்த செல்லை மட்டும் மாற்றத் தெரிந்தவன்
எங்களுக்குத் தெரிந்து அவன் ஒருத்தன்தான்.
அவன் தோஹாவுக்கு விமானம் ஏறிய வாரம்
வண்டியில் ஒரு போல்ட்டும் மாறவில்லை.
விலை இறங்கிற்று.

பெட்ரோல் ஏறியது.
புது வண்டிக்கு ஷோரூமில்
பதினோரு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள்.
நரிமேடு டாக்டர் ஜெபசெல்வி ஒன்றை எடுத்தார்.
விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரர் ஒன்றை.
மிச்சம் சாம்பல் நிறம்.
கதவில் நீளக் கீறல், யாரோ சாவியால் இழுத்தது.
மற்ற இரண்டும் பக்கத்தில் நின்றவரை
அது குறை.
தனியாக நின்றதும்
"மதுரைல கீறல் இல்லாத வண்டி எது" என்றார்கள்
வாங்க வந்தவர்களே.
ஒரே நாளில் மூன்று முறை துடைத்து
மூன்று முறையும் கூட்டி எழுதினேன்.
கூட்டிய தொகை வண்டியில் இல்லை,
வந்து நின்றவர்களின் அவசரத்தில் இருந்தது.

இன்னும் ஏறும் என்றார் சீனி அண்ணன்.
கொடுக்கவில்லை.
சென்னையில் ஏதோ டிராவல்ஸ் கையை விரிக்க
லாரியில் வந்து இறங்கின
ஆறு ஹைபிரிட். ஆறும் வெள்ளை.
எதிர்த்த யார்டில் நான்கு.
தக்காளி லோடு குவிந்த விடிகாலை
மாட்டுத்தாவணி மாதிரி ரிங் ரோடு.
கீறல் மறுபடியும் கீறலாயிற்று.

மதியம் சாம்பல் வண்டிக்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.
உள்ளிருந்து பார்த்தால்
நான் எழுதிய எண்
இடவலம் மாறித் தெரியும்.
சொந்தக்காரருக்கு எப்போதும்
இப்படித்தான் தெரியும் போல.
அவர் பெயர் மாயாண்டிபாரதி.
வாரம் ஒருமுறை வருவார்.
ஒன்றும் கேட்கமாட்டார்.
கைக்குட்டையால் ஸ்டீரிங்கைத் துடைத்துவிட்டு
போய்விடுவார்.

ஆடியில் சம்பளம் கூட்டிக் கேட்டேன்.
"எழுத ஆளா இல்ல?" என்றார் அண்ணன்,
கோபமில்லாமல், விலை சொல்கிற அதே குரலில்.
நியாயம்தான்.
பி.காம் வரத்து எனக்கும் தெரியும்.

அன்று இரவு அந்தோணிராஜுக்கு வாட்ஸ்அப் போட்டேன்.
சொல்லித்தர மணிக்கு ஐநூறு என்றான்.
பேரம் பேசவில்லை,
இன்னொரு கடை இல்லை.
அவனுக்குப் பத்து மணி, எனக்குப் பன்னிரண்டரை:
எந்த ஸ்க்ரூ முதலில்,
எந்த ஆரஞ்சு வயரில் கை வைக்கக் கூடாது,
மீட்டரில் எந்த எண் வந்தால் செல் செத்தது.
வாங்கிய கையுறை என் விரலுக்குப் பெரிசு.

சாம்பல் வண்டியின் பின் சீட்டைக் கழற்றினேன்.
காற்றுத்துவாரம் முழுக்க நாய் முடி.
இருபத்தெட்டில் இரண்டுதான் செத்திருந்தது.

போன வாரம் ஒரு குடும்பம் வந்தது.
"பேட்டரி போனா?"
அண்ணன் பேசவில்லை.
என் பக்கம் கையைக் காட்டினார்.
வந்தவர் என்னைப் பார்த்தார்.
பிறகு வண்டியை, இன்னொரு முறை.

இன்று பதினெட்டு கண்ணாடியும் துடைத்தாயிற்று.
மார்க்கர் மேஜைமேல் மூடியோடு கிடக்கிறது.
டீயோடு வந்து நிற்கிறார்.
"எழுதலையா சோலைச்செல்வி?"
"எழுதுவோம்ணே.
மொதல்ல நான் ஒண்ணு கேக்கணும்."