மஞ்சள் பூசியவள்

பாலிக் புலாவில் துரியான் பூக்கும் மாதம்.
இரவு ஒன்பது மணி.
ஆ செங் கட்டிய வலையில்
ஒரு வௌவால்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன்.
சிறகென்று நினைத்து நான் பிரித்தது
கை.
நீண்டு மெலிந்த நான்கு விரல்,
நகத்தோடு ஒரு கட்டைவிரல்.
கக்கத்தடியில் காம்பைக் கவ்வியபடி
குட்டி.

முகமெல்லாம் மகரந்தம்.
மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு
மரம் மரமாய்ப் பத்திரிகை வைக்கக் கிளம்பியவளை
நடுவழியில் பிடித்துவைத்திருக்கிறோம்.

கடித்தாள். விட்டேன்.

விடிந்ததும் ஆ செங் வந்தார்.
வலையில் ஓட்டை. என் விரலில் பிளாஸ்டர்.
"மூசாங்கா?" என்றார்.
சம்பலுக்கு உதிர்ந்த பூக்களைப்
பொறுக்கியபடியே
ஆமாம் என்றேன்.

மேலே, கிளையோடு ஒட்டி,
மிளகளவு பச்சைகள்.
நான் எண்ணவில்லை.
இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.