பொடி எழுத்தில் ஒரு வரி

பாலத்துக்கு அந்தப் பக்கம் டுலூத்.
இந்தப் பக்கம் நானும் என் அச்சு எந்திரமும்.
ஜனவரி வந்தால் ஏரிக்காற்று
கதவிடுக்கில் கத்தி செருகும்.
இருபத்தாறு வருஷமாய் அச்சடிக்கிறேன்:
தேர்தல் நோட்டீஸ், தேவாலயத்து மீன் விருந்து,
காணாமல் போன நாய்கள்.
எழுதித் தருவதை நான் படிப்பதில்லை.

மார்லிஸ் கங்காஸ் எழுதித் தந்ததைப் படித்தேன்.

'இந்த க்ரீம் உங்களை இளமையாக்காது.
நேற்று என்ன வயதோ
இன்று அதற்கு மேல் ஒரு நாள்.
கை வெடிப்பு மட்டும் ஆறும்.'

'இதை யார் வாங்குவார்?' என்றேன்.
'கை வெடித்தவர்' என்றாள்.

டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை.
தேன்மெழுகு, ஓட்ஸ், ஷியா வெண்ணெய்,
விவாகரத்துக் காகிதங்களின் முதுகில்
செலவுக் கணக்கு.
மாடிப்படியில் ரப்பர் நெடியும் லாவெண்டரும்
தினம் ஒரு சண்டை.
கீழே டயர்க்காரன் ரஸ் தாடியில்
எப்போதும் ஜெயித்தது லாவெண்டர்.
கேட்டால் மறுப்பான்.

குளியல் உப்புக்குப் பெயர் 'கதவைத் தட்டாதே'.
அடியில் பொடி எழுத்தில்:
தட்டுவார்கள். உப்பு அதற்குப் பொறுப்பல்ல.
கண்ணுக்கடியில் பூசும் களிம்பு
'தூங்கினால் இது வேண்டாம்'.
உதட்டுக்கு ஒன்று
'பதில் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தவளுக்கு'.
அதை அடித்த இரவு
என் மனைவி ஒரு லேபிளை உரித்துப் போய்
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று நாள் பாத்திரம் கழுவினேன்.

மினியாபோலிஸிலிருந்து ஒருத்தர் வந்தார்,
ஷூவில் பனி ஒட்டாத மனிதர்.
நாற்பது கடை, நல்ல விலை,
'சுருக்கங்களை அழிக்கும்' என்று
இரண்டே சொல் சேர்த்தால் போதும்.
'எதை வைத்து அழிக்கும்?'
'நம்பிக்கையை வைத்து.'
'அது கையிருப்பில் இல்லை' என்றாளாம்.

சொல்லிவிட்டு நேரே என்னிடம் வந்து
கடனுக்கு லேபிள் கேட்டாள்.
அழவில்லை.
மூக்கைத்தான் ரொம்ப நேரம் சிந்தினாள்.
அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன்.
சட்டி கழுவிக் கழுவி
நூறு தடவை மடித்துப் பிரித்த
சாலை வரைபடம் மாதிரி.
'உன் க்ரீம் என்ன ஆச்சு?'
'விற்கவே நேரம் போதவில்லை.'
அடுத்த லேபிளில் அதுவும் வந்தது:
'செய்கிறவள் பூசிக்கொள்வதில்லை.
நீங்களாவது.'

மார்ச்சில் ஒரு சட்டி கெட்டது.
நடு ராத்திரி மின்சாரம் போய்
இறுகக் கூடாத நேரத்தில் இறுகி
க்ரீமெல்லாம் ரவை ரவையாய்.
இருநூற்றுப் பதினாறு டப்பா.
மறுநாள் பதினொன்றரை மணிக்கு வரி வந்தது:
'மணல் மணலாக இருக்கிறது. என் தப்பு. பாதி விலை.'
எழுத்துப் பிழை தேடினேன்.
மன்னிப்பு கேட்கும் ஒரு வாக்கியத்தில்
ஒரு பிழைகூட இல்லாதது
எனக்கென்னவோ பயமாக இருந்தது.

சனிக்கிழமைச் சந்தையில்
மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்தது.
கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிறவள்
ஒருத்தியே ஒரு டஜன் எடுத்தாள்:
கிரீஸ் அழுக்கைச் சுரண்டி எடுக்கிறதாம்.
அடுத்த வாரம்
ஊர் முழுக்க அந்தத் தப்பைக் கேட்டது.

சட்டியைச் சன்னலுக்கு வெளியே வைத்தாள்.
பனிக்குவியலில் புதைத்தாள்.
கலக்காமல் விட்டாள்.
ஃபின்னிஷ் மொழியில் திட்டியும் பார்த்தாள்.

நேற்று ராத்திரி புது வரி:
'பழைய தப்பைத் திரும்பச் செய்யப் பார்த்தேன்.
நன்றாக வந்துவிட்டது. மன்னிக்கவும்.
முழு விலை.'

ஐந்நூறு அடித்து வைத்திருக்கிறேன். கடனில்தான்.
மை காயட்டும்.
கடைசி மணல் டப்பா
என் மேஜை இழுப்பறையில் இருப்பதை
அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.