எடைமேடையில் ஒரு ஜூலை

ஊத்தான் மெலிந்தாங் மில்லில்
பிற்பகல் இரண்டே முக்கால்.
செம்பனைக் குலை ஏற்றிய ஏழாவது லோரி
இன்னும் எடைமேடைக்கு ஏறவில்லை.
காற்றாடி
இருக்கிற சூட்டையே சுற்றிச் சுற்றித் தருகிறது.
ஏர்கோன் பழுதாகிப் பதினோரு நாள்.
ஆள் வருவான் என்கிறது கொம்பனி.

பக்கத்து மேசைப் பவளக்கொடி
என் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்.
"என்னக்கா, ரோம்னு சொன்னீங்க,
ஒரு ஜனத்தையும் காணோம்?
ஆளுங்கள அழிச்சிட்டீங்களா?"

அழிக்கவில்லை.
ஜனம் எழவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் எல்லாரையும் போலத்தான் போனேன்.
பதினோரு மணி, முப்பத்தொன்பது டிகிரி,
மஞ்சள் குடை தூக்கிய வழிகாட்டிப் பெண்ணின் பின்னால்
நாற்பத்திரண்டு பேர்.
நீரூற்றைப் பார்க்கப் போய்
நீரூற்றைப் பார்ப்பவர்களின் முதுகுகளைப் பார்த்தேன்.
ஒரு முதுகில் வேர்வை
எந்த வரைபடத்திலும் இல்லாத தீவாய்ப்
படர்ந்துகொண்டிருந்தது.
ஒரு போத்தல் தண்ணீர் மூன்று யூரோ;
ரிங்கிட்டில் பெருக்கப் பெருக்கத் தாகம் கூடியது.

தெலுக் இந்தான் சிவபாதம் வாத்தியார்
கல்படியில் உட்கார்ந்தேவிட்டார்:
"இதுக்கா இருபது மணி நேரம் பறந்து வந்தோம்?
நம்ம வெயிலுக்கு டிக்கெட்டே இல்லையே."
படியில் உட்காரக் கூடாதென்று
விசில் ஊதினாள் ஒரு போலீஸ்காரி.

அன்றிரவு
அலாரத்தை நாலரைக்கு வைத்தேன்.
புது யோசனை ஒன்றுமில்லை.
பதினெட்டு வயதிலிருந்து மூன்று வருடம்
மரம் வெட்டியிருக்கிறேன்.
வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுபோகும்,
கெஞ்சினாலும் சொட்டாது.
ஊரும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது:
குளிர்ச்சியில் கீறினால் கொஞ்சம் தரும்.

ஹோட்டல் காவலாளி
நான் பணம் கட்டாமல் ஓடுவதாக நினைத்து
பேரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

சதுக்கத்தில் மூன்று புறாக்கள்,
நீலக் குழாயால் கல்தரையைக் கழுவும் ஒருவன்,
நான்.
அத்தனை பெரிய நீரூற்று
கேட்க ஆளில்லாமலும் பேசிக்கொண்டிருந்தது.
என் கால்களைப் பார்த்துக்
குழாயைத் திருப்பிப் பிடித்தான் அவன்.
வேலைக்கா என்று சைகையில் கேட்டான்.
ஆமென்று தலையாட்டிவிட்டேன்.
ஊர் பார்க்க வந்தவள் என்று சொல்ல
அந்த நேரத்தில் வெட்கமாக இருந்தது.
சுவர் மூலையில் ஒழுகும் பித்தளை மூக்கைக் காட்டினான்.
குடித்தேன். பல் கூசியது.
மூன்று யூரோ, ஆறு யூரோ, ஒன்பது யூரோ
என்று எண்ணிக்கொண்டே குடித்தேன்.

பத்து மணிக்கு அறைக்கு வந்து
மரச் சன்னலை இழுத்துச் சாத்தி
ஈரத் துண்டை முகத்தில் போட்டு
நாலு வரைக்கும் தூக்கம்.
வாட்ஸ்அப் குழுவில் வாத்தியார் எழுதியிருந்தார்:
"காசைக் கட்டி வந்து தூங்குகிறார்கள் சிலர்."

மறுநாள் நாலே முக்காலுக்கு
லிப்டு வாசலில் அவர் நின்றார்,
சப்பாத்து மாட்டி, தலைவாரி,
கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.
நானும் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப கூட்டம் இல்லாத மாசம் எதுக்கா?"

அக்டோபராம்.
வெயில் தணியுமாம், விலையும் இறங்குமாம்.
பவளக்கொடி சுவர் நாட்காட்டியை எட்டிப் பார்க்கிறாள்.
நானும் பார்க்கிறேன்.
அங்கே கூட்டம் வடியும்போதுதான்
இங்கே குலை குவியும்.
அக்டோபரில் லீவு கேட்டவர்களை
மேனேஜர் பெயர் சொல்லியே சிரிப்பார்.

ஹார்ன் சத்தம்.
ஏழாவது லோரி மேடை ஏறுகிறது.
பதினாலாயிரத்து அறுநூற்று இருபது கிலோ.
ஓட்டுநர் குதித்திறங்கி நிழல் தேடுகிறான்.
லோரியின் நிழல்
அவன் செருப்புக்குத்தான் காணும்.

கதவைத் திறந்து, உள்ளே வா தம்பி என்கிறேன்.
"உள்ளயும் இதே சூடுதான்" என்கிறாள் பவளக்கொடி,
நாற்காலியை அவன் பக்கம் தள்ளி,
"ஆனா கூட்டம் இல்ல."