டீசல் நோட்டு

ஆனி பிறந்துவிட்டால்
செங்கோட்டையிலிருந்து மேற்கே வண்டி ஓட்டுவது
கழற்றிய கதவொன்றை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு
ஓடுவது மாதிரி.

எங்களுடையது பிக்கப். முதுகில்
தென்காசிப் பட்டறையில் அடித்த கேம்பர்.
பிளைவுட், அலுமினியத் தகடு,
டிரைவர் தலைக்கு மேலே துருத்திய நெற்றி.
அந்த நெற்றிக்குள்தான் படுக்கை.
கணவாய்க் காற்று முதலில் அறைவது
என் தலையணையை.

வழியெல்லாம் காற்றாலைகள்
எங்களைப் போலவே மேற்கே முகம் வைத்து நிற்கின்றன.
ஒரே காற்று. அவற்றுக்குச் சம்பளம் கொடுக்கிறது,
எங்களிடம் வரி வாங்குகிறது.

பிரம்மசக்தி நோட்டுப் போட்டாள்.
ரேஷன் கடையில் இருபத்தாறு வருஷம்
தராசு முள்ளைப் பார்த்த கண்.
புளியரை பங்கில் ஒரே குழாய், ஒரே சாய்வில் வண்டி,
முதல் டக் சத்தத்தோடு நிறுத்தச் சொல்வாள்.
"ரவுண்டா ரெண்டாயிரம் ஆக்கிரட்டுமா அக்கா?"
"ஆக்காதே. கணக்கு கெட்டுரும்."

வாரம் ஒருமுறை மலை தாண்டி,
கல்லடையாற்றங்கரையில் இரண்டு இரவு,
திரும்பி வந்தால் அதே குழாய், அதே டக்.
ஓடிய தூரம் வகுத்தல் ஊற்றிய டீசல்:
எட்டு புள்ளி ஒன்பது.
எடை குறைந்து வந்த சர்க்கரை மூட்டையை
லாரிக்காரனிடம் சொல்லும் குரலில் அதை வாசித்தாள்.

அன்றிரவே விசாரணை.
தண்ணீர் டாங்க் நூறு லிட்டர், என்றால் நூறு கிலோ.
"மலைக்கு எதுக்குத் தண்ணி சுமக்கணும்?
அங்கே அதுதானே விழுது."
ஆரியங்காவுக்கு அப்புறம் நிரப்பலாம் என்று தீர்ப்பு.
தோசைக்கல் நாலு கிலோ, இருக்கட்டும்.
இரண்டாவது ஜாக்கி,
அது எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.
கடைசியில் தராசுக்கண்
என் வயிற்றில் வந்து நின்றது.
நான் வெளியே போய் டயரைத் தட்டிப் பார்த்தேன்.

தென்மலையில் பங்சர் போடும் தங்கச்சன்
மீட்டரைச் செருகிவிட்டு என்னைப் பார்த்தான்.
"சேட்டா, இதில் காற்றில்ல,
காற்றின்டெ ஓர்மயே உள்ளூ."

நினைவை நிஜமாக்கியதில் ஒன்பது புள்ளி ஏழு.
ஐம்பத்தைந்தைத் தாண்டாததில் பத்து புள்ளி நாலு.
நெற்றியில் தகரத்தை வளைத்து மூக்கு வைத்ததில் பத்து புள்ளி ஆறு,
ஆனால் அந்த மூக்கு
இரவு முழுக்க மழையில் விசில் அடித்தது.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் புத்தி
ஒரே ஒருமுறை வந்தது.
எஸ் வளைவில் பிரேக் மெத்தென்று உள்ளே போனது.
எவ்வளவு மிச்சம் என்று அவள் கேட்கவில்லை.
நோட்டில் அந்த வரி காலி.

பிறகு ஆவணி ஏழு.
கழுதுருட்டிப் பாலம் வருமுன்னே ஒரு பேச்சு,
அவள் தம்பி வாங்கிய கடனில் தொடங்கி
என் எல்ஐசி பாலிசி வரை போய் அறுந்தது.
கோபம் வந்தால் மிதிப்பார்கள் என்பார்கள்.
எனக்குக் கால் மரத்துவிடும்.
ஹாரன் இல்லை, ஓவர்டேக் இல்லை,
ஏசி போடவா என்று கேட்க வாய் இல்லை.
ரப்பர் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால்
நாற்பத்தெட்டில் போய்க்கொண்டே இருந்தேன்.
இரண்டு இரவும் தனித்தனிப் போர்வை.
திரும்பும்போதும் அப்படியே.

புளியரை. டக்.
வகுத்தாள். மறுபடி வகுத்தாள்.
நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
நானும் வகுத்தேன்.
பதிமூன்று புள்ளி இரண்டு.
"என்னக்கா, ரெண்டு பேரும் பரீட்சை எழுதுறீங்களா?"
என்றான் பங்க் பையன்.

முதலில் சிரித்தது யார் என்பதில்
இன்னும் வழக்கு நடக்கிறது.
பிரானூரில் புரோட்டா தின்றோம்.

அடுத்த வாரம் பதினொன்று புள்ளி ஒன்று.
பாட்டு, இரண்டு டீ, ஓர் ஓடைக்கு நிறுத்தம்,
அவள் சொன்ன கதைக்குச் சிரித்து
மூன்றாவது கியரிலேயே ஏறிய ஏற்றம்.
நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்:
பேச்சு, இரண்டு புள்ளி ஒன்று.

ரேஷன் கணக்கில் சேதாரம் என்று ஒரு கட்டம் உண்டு.
மூட்டையில் சிந்துவது, எலி தின்பது.
யாரும் கேள்வி கேட்பதில்லை.
அதில்தான் போட்டிருக்கிறாள்.